மண்ணிலிருந்து எடுத்ததை எங்கே வைப்பது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அருங்காட்சியகத்தில் பார்வையாளர் கால் வைக்காத அறையைப் பற்றியவை. அகழாய்வில் கிடைத்தவை வந்து குவியும் கிடங்கு அது. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கிடங்கு மூன்று அறைகள். மூன்றும் நிரம்பி, நடக்கிற வழியிலும் பெட்டிகளும் சாக்குகளும் கிடக்கின்றன. புதுக் கட்டடம் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். அதுவரை என்ன செய்யலாம்?
— ஒரு கிடங்குப் பொறுப்பாளர்

முதலில் ஒரு சின்னச் சோதனை. பதிவேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு புரட்டி இருபது பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தேடி எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது, அதற்காக எத்தனை பெட்டிகளை நகர்த்த வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். பிறகு எதிர்த்திசையில் போங்கள். அலமாரியிலிருந்து இருபது பொருள்களை எடுத்து, அவை பதிவேட்டில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ரோமில் இயங்கும் பன்னாட்டுப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு மையமான இக்ரோம், சிறிய அருங்காட்சியகங்களுக்காக உருவாக்கிய ‘ரீ-ஆர்க்’ என்ற கிடங்குச் சீரமைப்பு முறையில் இதற்கு அளவுகோல் உண்டு. எந்தப் பொருளையும் மூன்று நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடிய வேண்டும். அதை எடுக்க இரண்டு பொருள்களுக்கு மேல் நகர்த்தக் கூடாது. தரையில் எதுவும் நேரடியாக இருக்கக் கூடாது. கிடங்கில் சேகரிப்பைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் பெரும்பாலும் உங்கள் இடம் ஒளிந்திருக்கிறது. உடைந்த காட்சிப் பேழைகள், பழைய நாற்காலிகள், விற்காத வெளியீடுகள், கண்காட்சிப் பதாகைகள், பெயிண்ட் டப்பாக்கள், வேறு அலுவலகத்துக்காரர் ‘ஒரு வாரத்துக்கு’ என்று வைத்துவிட்டுப் போன மூட்டைகள். எந்தக் கிடங்கிலும் இவை இருக்கும். எழுத்து மூலம் அனுமதி வாங்கி இவற்றை வெளியேற்றுங்கள். பெயிண்டும் கரைப்பானும் வேறு காரணத்துக்காகவும் அங்கே இருக்கக் கூடாது: தீப்பிடிக்கும், ஆவியும் விடும்.

அடுத்து, தரைப்படம். அறையை அளந்து, ஒவ்வொரு ரேக்கையும் தூணையும் கதவு திறக்கும் வளைவையும் குழாய் போகும் பாதையையும் வரையுங்கள். பெட்டிகளை எண்ணுங்கள். எண்ணும்போதே ஒவ்வொன்றும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றும் கால், அரை, முக்கால், முழு எனக் குறியுங்கள். ஒரே தளம், ஒரே ஆண்டு, ஒரே பொருள்வகையைச் சேர்ந்த கால் பெட்டிகள் நான்கைச் சேர்த்தால் மூன்று பெட்டி இடம் மிச்சம். சேர்க்கும்போது பைகளைப் பிரித்து ஓடுகளைக் கலந்துவிடக் கூடாது. பை பையாகத்தான் இடம் மாற வேண்டும்.

ரேக்கின் உயரத்தையும் பாருங்கள். 20 செ.மீ. உயரப் பெட்டிக்கு 45 செ.மீ. இடைவெளி விட்டிருந்தால், தட்டுகளை நெருக்கிப் போட்டாலே ரேக்குக்கு இரண்டு மூன்று தட்டு கூடுதலாகக் கிடைக்கும். அந்த இடைவெளியில் பெட்டிமேல் பெட்டி அடுக்கியிருப்பீர்கள், கீழ்ப்பெட்டி நசுங்கியிருக்கும். கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலாவது இருக்கட்டும். குழாய் உடைந்து தண்ணீர் பரவும் நாளில் அந்த 15 செ.மீ.தான் காப்பாற்றும்.

இடமாற்றம் தொடங்கும் முன்பே ரேக்குகளுக்கு முகவரி ஒட்டிவிடுங்கள். அறை, ரேக், தட்டு என்ற வரிசையில் ‘2-05-3’ போல. பெரும்பாலான சீரமைப்புகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன: முதலில் அடுக்கி முடிப்போம், எண் அப்புறம் போடலாம் என்று நினைப்பார்கள். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. ஒருவர் பெட்டியை நகர்த்த, இன்னொருவர் பழைய இடம், புதிய இடம் இரண்டையும் அப்போதே எழுத வேண்டும். அன்றாடம் தொடங்கிய ரேக்கை அன்றே முடியுங்கள். ஒரு ரேக் எப்போதும் காலியாக இருக்கட்டும். காலி இடம் இல்லாத கிடங்கில் எதையும் சீரமைக்க முடியாது.

இவ்வளவும் செய்த பிறகும் இடம் போதவில்லை என்றால், இப்போது உங்கள் கையில் தரைப்படமும் எண்ணிக்கையும் இருக்கின்றன. நிதி கேட்கும் கடிதத்தில் ‘இடப் பற்றாக்குறை’ என்ற சொல்லைவிட அவை வலுவானவை. இது உங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல என்றும் எழுதலாம். இக்ரோமும் யுனெஸ்கோவும் 2011-இல் நடத்திய பன்னாட்டுக் கணக்கெடுப்பு, உலகெங்கும் கிடங்கில் இருக்கும் சேகரிப்புகளில் சுமார் 60% ஆபத்தில் இருப்பதாக மதிப்பிட்டது.

கேள்வி: இரும்பு ஆணிகளையும் ஈட்டி முனைகளையும் ஜிப் பையில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் சிறியதாக வைத்தோம். ஐந்து ஆண்டு கழித்துத் திறந்தால் செதில் செதிலாக உதிர்ந்து கிடக்கிறது. எங்கே தவறு?
— அகழாய்வுத் தள உதவியாளர்

மூன்று இடங்களில். பை, ஜெல்லின் அளவு, பிறகு யாரும் திறந்து பார்க்காத ஐந்து ஆண்டுகள்.

மண்ணுக்குள் இருக்கும்போதே உப்பிலுள்ள குளோரைடு இரும்புக்குள் ஊறி, மிச்சமிருக்கும் உலோகத்துக்கும் மேலே படிந்த துருவுக்கும் நடுவே தங்கிவிடுகிறது. வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் அந்த இடத்தைச் சேரும். அங்கே புதிய துரு உருவாகும்போது, அது உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். மேல் ஓட்டை உள்ளிருந்து நெம்பிப் பிளக்கும். பொருளின் மேல் ஆரஞ்சு நிறத்தில் வியர்வைத் துளி போல நின்று, காய்ந்ததும் மெல்லிய குமிழி ஓடாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிளந்த பிறகு ஒட்டிப் பயனில்லை, ஏனென்றால் ஈட்டி முனையின் பழைய வடிவம் இருந்தது அந்த உதிர்ந்த செதிலில்தான்.

ஜிப் பை காற்றுப்புகாதது அல்ல. அதன் வாய் வழியாகவும், மெதுவாக பாலித்தீன் சுவர் வழியாகவும் ஈரம் உள்ளே வரும். ஒரு சிறு பொட்டலம் சில வாரங்களில் நிறைந்துவிடும். அதன்பின் அது வெறும் மணல் பொட்டலம்.

சரியான முறை இது. இறுக்கமாக மூடும் மூடியுள்ள கெட்டியான பாலித்தீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் பெட்டி ஒன்றை எடுங்கள். இரும்புப் பொருள்களைத் தனித்தனி ஜிப் பைகளில் போட்டு, பையின் மேல்பாதியில் நான்கைந்து துளைகள் இடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் உலர்ந்த காற்று பொருளைத் தொட வேண்டும். துளை இல்லாத பையைச் சுற்றி எவ்வளவு ஜெல் வைத்தாலும் அது வீண். ஜெல்லின் எடை, பெட்டியிலுள்ள இரும்பின் எடைக்குக் குறையாமல் இருக்கட்டும்: 2 கிலோ இரும்புக்கு 2 கிலோ ஜெல். அதையும் துளையிட்ட பைகளில் போட்டு அடியிலும் பக்கத்திலும் வையுங்கள், பொருளின் மேல் படக் கூடாது. ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று நிறம் மாறிக் காட்டும் ஈரப்பத அட்டை ஒன்றை, மூடியைத் திறக்காமலே தெரியும்படி பெட்டியின் உட்சுவரில் ஒட்டுங்கள்.

இலக்கு என்ன? ஒப்பு ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்தத் துரு நின்றே விடுகிறது. பெட்டிக்குள் 15–20 சதவீதத்தில் வைக்க முடிந்தாலும் வேகம் மிகவும் குறைந்துவிடும். பிரிஸ்டலில் ‘கிரேட் பிரிட்டன்’ என்ற 19-ஆம் நூற்றாண்டு இரும்புக் கப்பலின் அடிப்பகுதியைச் சுற்றி 20% ஈரப்பதத்தில்தான் காற்றை உலர்த்தி வைத்திருக்கிறார்கள்.

ஜெல்லின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நிறம் மாறும் நேரத்தில் பெட்டி பெரும்பாலும் இரும்புக்கான எல்லையைத் தாண்டியிருக்கும். அட்டையைப் பார்த்து முடிவெடுங்கள். தொடக்கத்தில் மாதம் ஒரு முறை பார்த்தால் உங்கள் பெட்டிக்கு எத்தனை மாதம் தாங்குகிறது என்று பிடிபட்டுவிடும். ஆரஞ்சு நிற ஜெல்லை 105 டிகிரி அடுப்பில் ஓர் இரவு வைத்து உலர்த்தலாம். வெளியே எடுத்ததும் மூடிய பாத்திரத்தில் ஆறவிடுங்கள். திறந்த தட்டில் ஆறவிட்டால் ஆறும்போதே ஈரத்தைக் குடித்துவிடும். பழைய நீல ஜெல் கோபால்ட் குளோரைடு உள்ளது, நச்சு. இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே போகிறது. உள்ளே இருப்பவற்றின் படத்தையும் பட்டியலையும் மூடியின் வெளிப்பக்கம் ஒட்டிவிட்டால் ‘சும்மா பார்க்க’த் திறப்பது பாதியாகக் குறையும்.

இரண்டு எச்சரிக்கைகள். துருவைத் தூரிகையால் தேய்க்காதீர்கள், வாள் உறையின் மரமோ சுற்றியிருந்த துணியின் நெசவோ துருவுக்குள் அச்சாகப் பதிந்திருக்கலாம். எலும்புப் பிடி போட்ட கத்தி போன்ற கலவைப் பொருளை இந்த உலர் பெட்டியில் போடாதீர்கள். இரும்பு பிழைக்கும், எலும்பு வெடிக்கும். அதைப் பாதுகாப்பு வேதியியலரிடம் தனியாகக் கொடுங்கள்.

கேள்வி: செம்பு, வெண்கலத்தையும் அதே பெட்டியில் வைக்கலாமா?

வைத்தால் கெடாது, ஆனால் அவ்வளவு உலர்வு தேவையில்லை. 35 சதவீதத்துக்குக் கீழே போதும். நகத்தால் தொட்டால் தூளாக உதிரும் வெளிர்ப் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் அது ‘வெண்கல நோய்’, அந்தப் பொருளை உடனே பிரித்து உலர் பெட்டிக்கு மாற்றுங்கள். கெட்டியாக, வழவழப்பாக, அடர் பச்சையாக இருக்கும் களிம்பு நோய் அல்ல. அதைச் சுரண்டிப் ‘பளபளப்பாக்கி’ விடாதீர்கள்.

கேள்வி: ஈய முத்திரைகளை நல்ல மரப் பீரோவில் பஞ்சு வைத்துப் பாதுகாத்தோம். வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை, ஈயமே அரிக்கப்படுகிறது. மரத்திலிருந்து, குறிப்பாக ஓக் மரத்திலிருந்தும் ஒட்டுப் பலகைகளிலிருந்தும், அசெட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் ஆவியாக வெளிவரும். மூடிய இழுப்பறைக்குள் அது தேங்கி, ஈயத்தை வெள்ளைக் கார்பனேட்டாக மாற்றிவிடும். பீரோ எவ்வளவு இறுக்கமாக மூடுகிறதோ அவ்வளவு கெடுதல். வார்னிஷ் பூசினால் நிற்காது. ஈயத்தைப் பாலிப்ரொப்பிலீன் டப்பாவுக்கு மாற்றி, பவுடர் பூச்சுள்ள இரும்பு ரேக்கில் வையுங்கள். அந்தப் பொடி நச்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஊதாதீர்கள்.

புதிதாக வாங்கும் நுரை, துணி, பலகை, பெயிண்ட் எதுவாக இருந்தாலும் அது பொருள்களுக்குப் பகையா என்று பார்க்க ‘ஆடி சோதனை’ உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வெளியிட்ட முறை. சந்தேகமுள்ள பொருளின் துண்டுடன் ஈயம், வெள்ளி, செம்புத் தகடுகளைச் சிறிது தண்ணீருடன் கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். வெறும் தகடுகள் மட்டும் உள்ள இன்னொரு குழாயுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆய்வகம் உள்ள கல்லூரியில் செய்துகொள்ளலாம். பிவிசி பைகள், ரப்பர் பேண்ட், கம்பளித் துணி இவற்றுக்குச் சோதனையே வேண்டாம், கிடங்குக்குள் விடாதீர்கள். ரப்பரும் கம்பளியும் விடும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

கேள்வி: பழைய பைகளில் இருந்த காகிதச் சீட்டுகளைப் பூச்சி அரித்துவிட்டது. சில பைகளில் பால்பாயின்ட் எழுத்து மங்கி ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பைகளை என்ன செய்வது? இனி எப்படி எழுதுவது?
— தொல்லியல் மாணவி

முதல் பாதிக்கு: பையைப் பிரிக்காதீர்கள், பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். பெட்டிக்குள் எந்தப் பைக்கு அடுத்து எந்தப் பை என்ற வரிசையே ஒரு சாட்சி. படம் எடுங்கள். மங்கிய சீட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள், பேனா அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். புற ஊதா விளக்கில் சில மைகள் தெரியும். பிறகு அகழாய்வு நாட்குறிப்பு, பொருள் பதிவேடு, பக்கத்துப் பைகளின் எண்கள் மூன்றையும் வைத்து விடுபட்ட எண் எது என்று கழித்துப் பாருங்கள். ஊகித்து எழுதினால் ‘ஊகம்’ என்றே குறித்து, தேதியும் போடுங்கள். எதுவும் தேறவில்லை என்றால் ‘மண்ணடுக்கு தெரியாதது’ என்று தனியாக வையுங்கள். இவைதான் பின்னால் பள்ளிகளில் தொட்டுப் பார்க்கக் கொடுக்க ஏற்றவை.

இனிமேல்: சீட்டு, டைவெக் போன்ற கிழியாத, ஈரம் ஊறாத தாளாக இருக்கட்டும். அதில் நிறமி மையாலோ பென்சிலாலோ எழுதலாம். பென்சிலைக் கேலி செய்பவர்கள் உண்டு, ஆனால் அது வெளுக்காது, தண்ணீரில் கரையாது. ‘அழியாத’ மார்க்கர் வெளிச்சத்தில் வெளுக்கும். தளக் குறி, ஆண்டு, குழி, மண்ணடுக்கு எண், பொருள் எண், பொருள்வகை, பெட்டி எண் எல்லாம் இருக்க வேண்டும். சீட்டை ஓடுகளோடு உரச விடாமல் சின்ன ஜிப் பையில் போட்டுப் பைக்குள் வையுங்கள். அதே விவரம் பையின் வெளியேயும், பெட்டியின் நடைபாதையைப் பார்க்கும் குறுகிய பக்கத்திலும் வர வேண்டும். மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறிப்போகும். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், துருவேறும்.

ஓட்டின் மேலேயே எண் எழுதுவதானால்: பாரலாய்டு பி-72 பிசினை அசெட்டோனில் 20% கரைத்து, எழுதும் இடத்தில் மெல்லிய பட்டையாகப் பூசி, காய்ந்ததும் 2–3 மி.மீ. உயர எழுத்தில் கார்பன் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. உடைந்த விளிம்பில் எழுதாதீர்கள், ஒட்டும்போது மறையும். அலங்காரம் உள்ள பக்கத்திலும் வேண்டாம். அந்தப் பிசின் 40 டிகிரி அளவில் இளக ஆரம்பிக்கும். கிடங்கு அவ்வளவு சூடாகுமானால் எண் போட்ட ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அங்கே எண் போட்ட முகங்கள் தொடாதபடி நடுவே மெல்லிய அமிலமற்ற தாளை வையுங்கள்.

கேள்வி: ஒரே தளத்திலிருந்து டன் கணக்கில் பானை ஓடுகள். அவற்றில் பெரும்பகுதி எந்த அடையாளமும் இல்லாத வயிற்றுப்பகுதி ஓடுகள். எல்லாவற்றையும் என்றென்றைக்குமாக வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?
— பலர்

இல்லை. ஆனால் கிடங்கு நிரம்பிய பிறகு கழிப்பதும், அகழாய்வு தொடங்கும் முன்பே எதை வைப்பது என்று எழுதி வைப்பதும் ஒன்றல்ல. முன்னது பதற்றத்தில் எடுக்கும் முடிவு. பழைய அகழாய்வுகளில் பலர் விளிம்பையும் வண்ண ஓடுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அங்கேயே கொட்டிவிட்டுப் போனார்கள், எவ்வளவு கொட்டினோம் என்றும் எழுதவில்லை. அந்தத் தளங்களில் எந்த வகைப் பானை எத்தனை பங்கு இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இன்று சாதாரண வயிற்றுப்பகுதி ஓட்டின் மதிப்பும் கூடியிருக்கிறது. சமைத்த கொழுப்பு பானைச் சுவரின் நுண்துளைகளில் ஊறி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கும். பாலா, இறைச்சியா, மீனா என்பதை அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடிகிறது. அதற்கு வேண்டியது அழகான ஓடு இல்லை, சமையல் பானையின் கழுவாத ஓடு.

ஆகவே ஒவ்வொரு மண்ணடுக்கிலும் இந்த வரிசையில் போங்கள். எதையும் கழுவும் முன் சமையல் பானை ஓடுகளில் ஒரு சிறு மாதிரியைக் கையால் தொடாமல் எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி ஒதுக்குங்கள். பிளாஸ்டிக் பையை நேரடியாகத் தொட்டால் அதிலுள்ள மென்மையூட்டிகள் ஓட்டில் ஏறி, ஆய்வில் குழப்பும். மீதியைக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவையுங்கள். அரைகுறையாகக் காய்ந்த ஓட்டைப் பையில் போட்டால் பூஞ்சை வரும், சீட்டையும் தின்னும். பிறகு மண்கலவை (பானை செய்த களிமண்ணும் அதில் சேர்த்த மணல் போன்றவையும்) வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் எண்ணிக்கை, எடை இரண்டையும் எழுதுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, ஏனென்றால் ஒரு பானை பத்தாகவும் உடையும், நூறாகவும் உடையும். விளிம்பு, அடி, மூக்கு, கைப்பிடி, கீறல், எழுத்து, வண்ணம், குறியீடு, ஒட்டிய கசடு உள்ளவை அனைத்தும் கட்டாயம் வைக்க வேண்டியவை. ஒன்றோடொன்று பொருந்தும் ஓடுகளும் அப்படியே. நல்ல மூடிய அடுக்கு, அதாவது குழி, உலை, ஈமக்குழி போல ஒரே காலத்தில் மூடிக்கொண்ட இடம் என்றால் எல்லாவற்றையுமே வையுங்கள்.

உழுது கலைந்த மேல்மண்ணிலும் தள்ளிய மண்ணிலும் வந்த அடையாளமற்ற ஓடுகளில்தான் குறைக்க இடமுண்டு. ஒவ்வொரு கலவை வகைக்கும் மாதிரி வைத்துவிட்டு, மீதியை எடை போட்டு, படம் எடுத்து, பானை ஆய்வாளர் கையெழுத்திட்ட பட்டியலுடன் விடலாம். உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா, பொருளின் உடைமை யாருடையது என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் அரசு நிலத்துத் தொல்பொருள் சேகரிப்புகளுக்கான 1990 விதிகளில், ஆய்வு மதிப்பு குறைந்தவற்றை முறைப்படி நீக்க வழி 2022-இல்தான் சேர்க்கப்பட்டது. பிரிட்டனில் எதை வைப்பது என்ற திட்டத்தை அகழாய்வுத் திட்டத்தோடே எழுத உதவும் வழிகாட்டிக் கருவி 2019 முதல் இருக்கிறது.

விடுவதென்று முடிவானால் குப்பைமேட்டிலோ வேறொரு வயலிலோ கொட்டாதீர்கள். நூறு ஆண்டு கழித்து வருபவர் அங்கே ஒரு புதிய தளம் கண்டுபிடித்துவிடுவார்! அகழ்ந்த குழியிலேயே நிரப்பி, ஆண்டும் தளக் குறியும் பொறித்த அழியாத தகடு ஒன்றைக் கூடவே புதைத்து, இடத்தைத் தரைப்படத்தில் குறியுங்கள்.

கேள்வி: சக்கரத்தில் நகரும் ரேக் போட்டால் இருமடங்கு இடம் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா?

இடம் கிடைக்கும் என்பது உண்மை. தரை தாங்குமா என்பதை அவர் சொல்ல மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. ஒரு கணக்குப் போடுவோம். 1 மீ. அகலம், 40 செ.மீ. ஆழம், ஏழு தட்டு உள்ள ஒரு ரேக். தட்டுக்கு மூன்று பெட்டி, பெட்டிக்கு 10 கிலோ: 210 கிலோ. ரேக்கின் எடை 40 கிலோ என்று வைத்தால் மொத்தம் 250 கிலோ. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு ரேக்குகளும் அவற்றுக்கு முன்னால் 90 செ.மீ. நடைபாதையும் சேர்ந்து 1.7 சதுர மீட்டர். 500 கிலோ அதில் பரவினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 295 கிலோ. நடைபாதையை எடுத்துவிட்டு நெருக்கினால் 0.8 சதுர மீட்டரில் அதே 500 கிலோ: சதுர மீட்டருக்கு 625 கிலோ. அலுவலகத் தளங்கள் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 250–300 கிலோ அளவுக்கே வடிவமைக்கப்படுகின்றன. முதல் மாடியில் நகரும் ரேக் போடும் முன் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துச் சான்று இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தரைத்தளத்தில், மண் மேல் நேரடியாக நிற்கும் கான்கிரீட்டில் போடுவதே பாதுகாப்பு.

இந்தக் கணக்கில் பெட்டி 10 கிலோ என்று வைத்தது சும்மா அல்ல. 40 × 30 × 20 செ.மீ. பெட்டியை விளிம்புவரை ஓடுகளால் நிரப்பினால் 15 கிலோவை எளிதில் தாண்டும். அட்டை அடிப்பகுதி பிதுங்கும், தூக்குபவரின் இடுப்பும் போகும். ஓடுகளுக்கு 12 செ.மீ. உயரப் பெட்டி போதும். கனமானவை இடுப்பு உயரத்துக்குக் கீழே, தலைக்கு மேல் எலும்பு, மணி போன்ற இலேசானவை.

முழுப் பானைகளை நகரும் ரேக்கில் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை தள்ளி நிறுத்தும்போதும் ஒரு குலுக்கல். வட்ட அடிப் பானை அதில் மெல்ல மெல்லத் தட்டின் விளிம்புக்கு நகர்ந்துவிடும்.

கேள்வி: கட்டடத்தில் தரைக்குக் கீழே இருக்கும் அடித்தளம் காலியாக இருக்கிறது. அங்கே இறக்கிவிடலாமா?

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு ஃபுளோரன்ஸ் நகருக்குள் புகுந்தபோது தொல்லியல் அருங்காட்சியகத்தின் எட்ரஸ்கன் (பண்டைய இத்தாலிய மக்கள்) சேகரிப்பும் சேற்றில் மூழ்கியது. லூவ்ர் அருங்காட்சியகம் செய்ன் ஆற்றங்கரையிலுள்ள தன் கிடங்குகளை நம்பாமல், வடக்கே லியேவன் என்ற ஊரில் 2019-இல் தனிக் காப்பு மையமே கட்டியது. பக்கத்தில் ஆறு இல்லாவிட்டாலும் கழிவுநீர்க் குழாய் இருக்கிறது. கல் சிற்பத்தையும் செங்கல்லையும் தவிர வேறெதையும் அடித்தளத்துக்கு அனுப்பாதீர்கள். உப்பு ஊறிய கல்லாக இருந்தால் அதுவும் வேண்டாம், ஈரம் ஏறி இறங்கும்போது உப்பு பூத்து மேற்பரப்பு உதிரும்.

கேள்வி: உப்புச் சுரங்கத்தில் தொல்பொருள் வைக்கிறார்களாமே?

உண்மைதான். இங்கிலாந்தின் செஷயரில், வின்ஸ்ஃபோர்டு உப்புச் சுரங்கத்தில், ஏறத்தாழ 150 மீட்டர் ஆழத்தில் வாடகைக் கிடங்கு இயங்குகிறது. கேம்பிரிட்ஜ்ஷயரின் அகழாய்வுப் பெட்டிகள் அங்கே இருக்கின்றன. வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டு முழுதும் பெரிதாக மாறாது, வெள்ளமும் பூச்சியும் இல்லை. பெட்டி எண் கொடுத்தால் மேலே அனுப்புவார்கள், ஆனால் நாள் ஆகும், ஒவ்வொரு முறையும் கட்டணம். ஆய்வாளர் அடிக்கடி கேட்கும் பெட்டிக்கு அது சரிப்படாது. ஆய்வறிக்கை வெளியாகி முடிந்த மொத்தச் சேகரிப்புக்கு ஏற்றது. பெட்டி எண்ணும் உள்ளடக்கமும் கச்சிதமாகப் பதிவாகியிருக்காவிட்டால் அங்கே அனுப்பவே முடியாது, அதனால் உங்கள் பட்டியல் வேலை எப்படியும் தப்பாது.

கேள்வி: கிடங்கில் பூட்டி வைப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் காட்சிக்கு வைத்தால் என்ன?

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 80 லட்சம் பொருள்கள், காட்சியில் இருப்பது சுமார் 80,000, அதாவது நூற்றில் ஒன்று. அவ்வளவு பெரிய கட்டடத்திலேயே இந்தக் கணக்கு. அகழாய்வுச் சேகரிப்பு பெரும்பாலும் பார்க்க அல்ல, எண்ணவும் ஒப்பிடவும் இருப்பது. நாற்பதாயிரம் ஓடுகளைக் கண்ணாடிக்குள் வைத்தால் யாரும் நாலாவது ஓட்டைத் தாண்டிப் பார்க்க மாட்டார்கள். கிடங்கின் ஒரு பக்கச் சுவரைக் கண்ணாடியாக்குவது, மாதம் ஒரு நாள் சிறு குழுக்களை உள்ளே அழைத்துப் போவது, மண்ணடுக்கு தெரியாத ஓடுகளைப் பெட்டியாகப் பள்ளிகளுக்கு அனுப்புவது போன்றவை பலன் தரும். லண்டனில் 8,500-க்கும் மேற்பட்ட அகழாய்வுகளின் ஆவணமும் பொருளும் ஒரே காப்பகத்தில் இருப்பதே ஆய்வாளர்களை இழுக்கிறது. யார் எந்தப் பெட்டியைக் கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை நிதி கேட்கும்போது அது பேசும்.

கேள்வி: எலும்பு, கரி, மண் மாதிரிகள் தனியாகக் குவிந்திருக்கின்றன. இவற்றை எவ்வளவு காலம் வைப்பது?

மண் மாதிரியை வைத்திருக்கவே கூடாது, வேலையை முடிக்க வேண்டும். ஈர மண்ணைப் பையில் கட்டிப் போட்டால் உள்ளே பூஞ்சையும் வேர்ப்புழுவும் வளரும், விதைகள் அழுகும், பையும் கிழியும். 40 லிட்டர் மாதிரியை மிதவைத் தொட்டியில் (கருகிய விதை மிதந்து பிரியும் தண்ணீர்த் தொட்டி) கழுவினால் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு சின்னக் குப்பி கருகிய விதையும் கொஞ்சம் கசடும்தான். எந்தக் கிடங்கிலும் இவ்வளவு வேகமாக இடம் விடுவிக்கும் வேலை வேறில்லை.

கரியை உலர்த்தி, அலுமினியத் தாளில் சுற்றி, குப்பியில் போடுங்கள். பஞ்சு, காகிதம் கூடாது, அவற்றின் இழை காலக்கணிப்பைக் கெடுக்கும். எலும்பைப் பெரிய எலும்பு அடியில், மண்டையோடு தனிப் பெட்டியில் என்று அடுக்கி, 45–55% ஈரப்பதத்தில் வையுங்கள். மரபணு ஆய்வுக்கு வாய்ப்புள்ள பல், காதுப்புற எலும்பு இவற்றைக் கையுறையின்றித் தொடாதீர்கள், பிசின் பூசாதீர்கள். மனித எச்சங்களைத் தனி ரேக்கில், தனிப் பதிவேட்டில், யார் எடுத்தார், எப்போது திருப்பி வைத்தார் என்ற குறிப்போடு வையுங்கள். வழித்தோன்றல்களோ அந்தச் சமூகமோ திருப்பிக் கேட்டால் காட்ட வேண்டிய முதல் ஆவணம் அதுதான்.

கேள்வி: முப்பரிமாணப் படம் எடுத்துவிட்டுப் பொருளை விட்டுவிடலாமே?

படம் உருவத்தைத் தரும். களிமண் எங்கிருந்து வந்தது, எத்தனை டிகிரியில் சுட்டது, உள்ளே என்ன ஊறியிருக்கிறது என்பதைப் படத்திலிருந்து எடுக்க முடியாது. கோப்புக்கும் கிடங்கு வேண்டும்: இரண்டு வேறு இடங்களில் மூன்று பிரதி, சில ஆண்டுக்கு ஒரு முறை புதிய வட்டுக்கு மாற்றம், திறக்கும் மென்பொருள். விடுவதென்று ஏற்கெனவே முடிவான ஓடுகளுக்கு அளவுகோலும் நிற அட்டையும் வைத்து எடுத்த நல்ல இருபரிமாணப் படமே போதும். எழுத்துக் கீறிய ஓட்டுக்கு முப்பரிமாணப் படம் எடுங்கள், ஆனால் ஓட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.